கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள்

பதிப்பகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் பிழைப்பு. மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியிருந்த மேசை, ஒரு சிவப்புப் பேனா, ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் கீறி வெட்டிய தடித்த அட்டை. அவ்வளவுதான் அவள் சாம்ராஜ்யம்.

அவள் எந்தப் புத்தகத்தையும் முதலிலிருந்து படித்ததில்லை. கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில் அட்டையை வைப்பாள். அங்கிருந்து ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவாள். கதை மனதைப் பிடித்து இழுத்தால் பிழை கண்ணிலிருந்து நழுவிவிடும் என்பது அவள் கண்ட உண்மை. பின்னாலிருந்து வந்தால் கதை இருக்காது, வார்த்தைகள் மட்டும் இருக்கும். ஒருமுறை, அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும் பெண், வேகத்துக்காகச் சூறாவளி என்று பெயர் வாங்கியவள், ஒரு நாவலின் சாவுக் காட்சியைக் கணினியில் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கமா அக்கா எட்டிப் பார்த்து, அந்தப் பெரியவர் செத்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது, அதைப் போட்டுவிட்டு அழு என்றாள். அலுவலகமே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அவளுக்கு ஒரே மகள். பதினெட்டு வயது. குழந்தையில் அம்மா எங்கே போனாலும் பின்னாலேயே போனதால் வாலு என்று வீட்டில் பெயர் நின்றுவிட்டது. வாலுவுக்கு ஆறு வயதாகும்போது தகப்பன் ஒரு பெட்டியோடு வெளியூர் வேலைக்கு என்று கிளம்பினான். பெட்டியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இரண்டே அறை கொண்ட வீட்டில் தாயும் மகளும் ஒட்டிக்கொண்டார்கள். பிழை பார்த்து முடிந்த மெய்ப்புத் தாள்களை அம்மா வீட்டுக்கு எடுத்து வருவாள். அந்தத் தாள்களில்தான் வாலு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். ஆனால் மகள் படித்ததெல்லாம் முன்னாலிருந்து. ஒரே தாளை இருவரும் படித்தார்கள், ஒரே கதையை அல்ல.

மூன்று வருடத்துக்கு முன் அந்த வரிசை ஆரம்பித்தது. கிரேக்க நாட்டுப் பழங்கதைகளை இன்றைய வீடுகளில் நடப்பதுபோல் மாற்றி, பருவ வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய நாவல்கள். முதல் நாவல், பெற்றவர்களே கடல் பூதத்துக்கு இரையாகப் பாறையில் சங்கிலி போட்டுக் கட்டிய பெண்ணைப் பற்றியது. இரண்டாவது, உள்ளே போனவர் வெளியே வர முடியாத சுற்றுவழி மாளிகையிலிருந்து காதலன் தப்பிக்க நூல் கொடுத்து, பிறகு அவனாலேயே ஒரு தீவில் கைவிடப்பட்ட பெண். கதை பழசுதான். ஆனால் அந்தப் பெண்கள் குடியிருந்த வீடு, மின்விசிறியின் இறக்கையில் படிந்த தூசிவரை, பக்கத்து வீடு மாதிரி இருக்கும். பெண் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார்கள்.

எழுதியவரை யாரும் பார்த்ததில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் படம் கிடையாது. கூச்ச சுபாவம் என்பார் முதலாளி. பக்கங்கள் கூரியரில் வரும், திருத்தியவை ஒரு தபால் பெட்டி எண்ணுக்குப் போகும். வாசகர்களின் கடிதங்களுக்கு மட்டும் அவர் ஒன்று விடாமல் பதில் எழுதுவார் என்று பேர். அந்தக் கடிதங்களை வெள்ளிக்கிழமைதோறும் சணல் கயிற்றால் கட்டித் தபாலில் சேர்ப்பது கமா அக்காவின் பொறுப்பு. தபால் நிலையம் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. கடிதக் கட்டை வீட்டு மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவி, ஒரு வாய் தேநீர் குடித்த பிறகே கொண்டுபோவாள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. அம்மா முகம் கழுவும்போது மகள் தன் உறையைக் கட்டுக்குள் செருகினாள். ஒரு வெள்ளி அல்ல, இரு வெள்ளி அல்ல, எட்டு மாதம். பெற்றவள் தன் கையாலேயே அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். பதில்கள் கல்லூரி முகவரிக்கு வந்தன. பிறகு தொலைபேசியிலும் வந்தன.

வாலு மாறிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது ஏதாவது கேட்பாள். அப்பா போன அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாய், நீ யாரிடமும் சொல்லாத பயம் என்ன என்று கேட்பாள். பதிலை மனதில் குறித்துக்கொள்வதுபோல் ஒருமுறை தனக்குள் முணுமுணுப்பாள். இந்த வீட்டில் காற்றே இல்லை என்று ஒருநாள் சொன்னாள். தேர்வு பயம் என்று நினைத்துக்கொண்டாள் தாய். சன்னலை அகலத் திறந்து வைத்தாள்.

மூன்றாவது நாவல் வந்தது. பூப்பறிக்கப் போன பெண்ணை, பூமியைப் பிளந்து வந்து தேரில் தூக்கிப் போன பாதாள ராஜாவின் கதை. பழங்கதையில் தாய் உலகமெல்லாம் அலைந்து அழுது, பயிர் பச்சை முளைக்காமல் செய்து, மகளை மீட்பாள். ஆனால் மகள் அங்கே ஒரு பழத்தின் சில விதைகளைத் தின்றுவிட்டதால், ஆண்டில் சில மாதம் அவனிடமே திரும்ப வேண்டும். புதிய நாவலில் ராஜா தனிமையில் வாடும் நல்லவன். பெண் தானே படியிறங்கிப் போகிறாள். இதெல்லாம் கமா அக்காவுக்குத் தெரியாது. அவளுக்கு அது முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகுமுன் பார்க்கும் கடைசிப் படிப்பு என்றால் அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தொலைபேசியை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு உட்கார்ந்தால், முதல் பக்கம் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். அதற்கு முந்தின நாள் மாலை வாலு துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குத்தானேம்மா கடைசிப் படிப்பு?"

"ஆமா."

"நடுவுல எந்திரிக்கவே மாட்டல்ல?"

"எமனே வந்து நின்னாலும் முதல் பக்கம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் நிக்கணும்" என்று சிரித்தாள் அம்மா. மகள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தலைவலி என்று சொல்லிக் கல்லூரிக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு அட்டை கடைசி வரியில் இறங்கியது. ஒன்பதரைக்குள் கடைசி அத்தியாயம் முடிந்தது. நான்கு பிழைகள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 'சரி' என்று எழுதி, கையெழுத்தைச் சுழித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு மணிக்கு இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது: 'அம்மா கண்ணாடியோடு தூங்கிப்போவாள் மகள்தான் அதைக் கழற்றி ரேடியோவின் மேல் வைப்பாள்.' தூங்கிப்போவாள் என்பதற்குப் பின் ஒரு கமா போட்டுவிட்டு மேலே ஏறினாள். அடுத்த வரியில், காகிதத்தை மடித்துச் செருகினால்தான் மூடும் அலமாரிக் கதவு. அதற்கு மேலே, இடது பக்கம் இரண்டு சுற்று சுற்றி வலது பக்கம் அரைச் சுற்றுத் திருப்பினால்தான் நிற்கும் குழாய். அங்கும் ஒரு பிழை. திருத்தினாள்.

எதிர் மேசையிலிருந்து சூறாவளி கழுத்தைத் திருப்பினாள். அவள் அந்த அத்தியாயத்தை முன்னாலிருந்து படித்தவள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? இந்தக் கதையில வர்ற அம்மா அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்கு. நியூஸ் பேப்பரக்கூடக் கடைசிப் பக்கத்துலேர்ந்துதான் படிக்குது. உங்களுக்குத் தெரியாம யாரோ உங்க மேல கண்ணு வெச்சுட்டாங்க."

கமா அக்கா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை.

அந்த அலமாரியும் குழாயும் அவள் வீட்டில் இருப்பவை. ரேடியோவின் மேல் கண்ணாடி. தினமும் காலையில் கண்ணாடி அங்கேதான் இருக்கும். அரைத் தூக்கத்தில் தானே வைத்துக்கொள்வதாக இத்தனை வருடம் நினைத்திருந்தாள். மகள் கழற்றி வைப்பது அவளுக்கே தெரியாது. அவளுக்கே தெரியாதது இந்தக் காகிதத்துக்கு எப்படித் தெரியும்? இரண்டே அறை உள்ள வீட்டில், அவள் தூங்கிய பிறகு விழித்திருப்பது ஒரே ஒரு ஜீவன்தான்.

கடைசி அத்தியாயத்தைத் தேடி எடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அத்தியாயத்தை அதன் முதல் வரியிலிருந்து படித்தாள். அம்மா தலை நிமிராத ஒரு நாளில், அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று தெரிந்த ஒரே நாளில், பெண் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். ரயில் நிலையத்தில், தண்டவாளத்துக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையின் படிக்கட்டருகே பெஞ்சில் உட்கார வேண்டும். மதியம் இரண்டு மணி. ராஜா கீழேயிருந்து ஏறி வருவான். அந்த ஐந்து பக்கத்திலும் 'சரி' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதியது அவள் கை.

இழுப்பறையைத் திறந்து மகளை அழைத்தாள். அவள் தொலைபேசி அணைந்திருந்தது. முதலாளியிடம் ஓடி எழுத்தாளரின் முகவரியைக் கேட்டாள். அவர் நிதானமாகவே சொன்னார். கதையில் வருவதற்கெல்லாம் பதறினால் எப்படி, குழாய் எல்லார் வீட்டிலும்தான் ஒழுகுகிறது. அவரிடமும் தபால் பெட்டி எண் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சொல் அவளை உலுக்கியது. எல்லார் வீட்டிலும். போன வருடம் இதே சொல்லை அவளும் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது நாவலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தையல்காரப் பெண் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். மிதி பெல்ட்டை நீலத் துணியால் முடிந்த தையல் மெஷின் ஒன்று அந்தக் கதையில் வரும். "இது என் மெஷின்ங்க. என் பொண்ணு எங்கன்னு இவரக் கேக்கணும்" என்றாள். உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கமா அக்காதான் தண்ணீர் கொடுத்து, கதை என்றால் எல்லார் வீடும் மாதிரித்தானம்மா இருக்கும் என்று பக்குவமாகச் சொல்லி வாசல்வரை கொண்டுவிட்டாள். அந்தப் பெண் தன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அவள் இழுப்பறையில் போட்டதோடு சரி.

மணி ஒன்றே கால். சீட்டைத் தேடியெடுத்துக் கைப்பையில் திணித்தாள். கிடைத்த வண்டியில் ஏறினாள். ரயில் நிலையம் போகும்வரை அந்த ஐந்து பக்கத்தையும் மறுபடி மறுபடி படித்தாள். அவளைப் பயமுறுத்தியது ஒன்றுதான். அது நன்றாக இருந்தது. பதினெட்டு வயதில் யாராவது தனக்கு இப்படி எழுதியிருந்தால், தானும் அந்தப் படியில் இறங்கியிருப்பாள் என்று தோன்றியது. அந்தக் கதையில் அம்மா கெட்டவளாகக்கூட இல்லை. வெறும் பூட்டு. அவ்வளவுதான்.

ஊரின் மறுகோடியிலிருந்த நிலையத்துக்குப் பாதி வழியில், பாலத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டன. ஓடக்கூடிய தூரம் வந்ததும் இறங்கி ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. நிலையத்தின் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

பெஞ்சில் வாலு உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. படிக்கட்டுக்குக் கீழே சுரங்கப்பாதை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஜனங்கள் அதற்குள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தார்கள்.

"முதல் பக்கம் வந்துடுச்சா?" என்று கேட்டாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை.

"இல்ல. பாதியிலேயே எந்திரிச்சு வந்துட்டேன்."

"அவர் வருவார்மா. லேட் ஆகுது, அவ்வளவுதான். நீ போ."

"யாருடி அவன்? உனக்குத் தெரியுமா?"

"உனக்குத்தான் தெரியாது. அவர் எழுதினதுல ஒரு வரியாவது நீ படிச்சிருக்கியா? புள்ளி வெச்சிருக்க. அவ்வளவுதான் நீ செஞ்சது."

தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"ஆமாடா கண்ணு. படிக்கல. என் கண்ணாடிய நீதான் கழட்டி வெக்கிறன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். அத நீ எங்கிட்ட சொல்லல. அவன்கிட்ட சொல்லியிருக்க."

நான்கரைக்கு மகள் எழுந்தாள். ஒருமுறை படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பின்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்தது உடம்பு மட்டும்தான். அடுத்த ஒன்பது நாளும் வாலு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி மடியிலேயே கிடந்தது, அது ஒலிக்கவில்லை. நீ வந்ததால்தான் அவர் வரவில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னாள். கமா அக்கா சீட்டிலிருந்த எண்ணை அழைத்தாள். தையல்காரப் பெண்ணின் மகள் போய் ஒரு வருடம் இரண்டு மாதம். ஒரு கடிதம் இல்லை. போலீசில் கொடுத்த புகாரில் சேர்க்க ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. எழுதியவரின் கடிதங்களை அந்தப் பெண் கையோடு எடுத்துப் போய்விட்டாளாம். இதை வாலுவிடம் சொன்னபோது அவள் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவளுக்கு அவர் புரிஞ்சிருக்க மாட்டார்" என்றாள்.

பெற்றவள் அன்றுதான் உண்மையில் பயந்தாள். ஓடிப் போய்விடுவாளோ என்ற பயம்கூட அதற்குக் கீழேதான். அந்த வாக்கியம் தன் மகளுடையதே அல்ல. யாரோ எழுதிக் கொடுத்ததை அவள் வாய் படித்தது.

அலுவலகத்தில் இனி அந்த நாவலில் 'சரி' போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எழுத்தாளரே கடைசி அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறாராம், வரட்டும் பார்க்கலாம் என்றார்.

பத்தாம் நாள் காலை கூரியரில் உறை வந்தது. கமா அக்கா அதைப் பிரித்தாள். நின்றுகொண்டே, முதல் வரியிலிருந்து படித்தாள்.

பெண் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு ஐந்துக்கு முதல் முறை எழுந்து நிற்கிறாள். தண்ணீர் பாட்டிலை நான்கு முறை திறக்கிறாள், மூடி சரியாகப் பொருந்தவில்லை. மூன்று மணிக்கு அழத் தொடங்குகிறாள். பையின் வாரால் முகம் துடைக்கிறாள். மூன்று ஐம்பதுக்கு ஓர் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு அம்மா வருகிறாள். அம்மா என்ன சொன்னாள், மகள் என்ன சொன்னாள், எல்லாம் இருந்தது. கண்ணாடியும் இருந்தது. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. அத்தியாயத்தில் ஒரு பிழைகூட இல்லை.

சூறாவளி என்ன அக்கா என்று எழுந்து வந்தாள். கமா அக்கா காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

வழியெல்லாம் அவள் மனம் இரண்டாகக் கிழிந்தது. இதைக் காட்டினால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினதாகிவிடுமோ. தன்னையே மறுபடி எழுதியிருக்கிறார் என்று மகள் பூரித்துப் போனால்? கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் இத்தனை வருடம் ஒரே வீட்டில் வேறு வேறு கதை படித்தது போதும் என்று தோன்றியது.

பட்டப்பகல் வெளிச்சம் அடித்த அந்த அறையில், காகிதங்களை மகளின் மடியில் வைத்தாள்.

"படி. நீ எப்பவும் படிக்கிற மாதிரியே, முன்னாலேர்ந்து. நானும் கூடப் படிக்கிறேன்."

வாலு ஆவலோடுதான் ஆரம்பித்தாள். முதல் பக்கத்தில் அவள் கண்ணில் வெளிச்சம்கூட வந்தது. இரண்டாம் பக்கத்தில் வேகம் குறைந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. 'அழும்போது அவள் மூக்கு நுனி சிவந்தது. அது அழகாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று ராஜா நினைத்தான்.'

அவள் அந்த வரியைத் தாண்டிப் போகவே இல்லை.

"அங்கதான் இருந்தாராம்மா?"

"ம்."

"பக்கத்துலயா?"

"எதிர் பெஞ்சா இருக்கும். நாம பேசினது காதுல விழுற தூரம்."

"ரெண்டு மணியிலேர்ந்து?"

"அப்படித்தான் எழுதியிருக்கான்."

"நான் அழுதப்போ எழுந்து வரணும்னு தோணலையா அவருக்கு?" என்றாள் வாலு. அம்மாவைக் கேட்கவில்லை. காகிதத்தைக் கேட்டாள்.

தாய் அவளைத் தொடவில்லை. தொட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று பயந்தாள். மகள் காகிதங்களை மடியிலிருந்து தள்ளினாள். எழுந்து போனாள். மெத்தைக்கடியிலிருந்தும், பாடப் புத்தகங்களின் உறைக்குள்ளிருந்தும், குளிர்காலப் போர்வை மடிப்பிலிருந்தும் கடிதங்களை எடுத்து வந்து ஒன்றின்மேல் ஒன்றாக மேசைமேல் வைத்தாள். முப்பத்தொன்று. ஒவ்வோர் உறையிலும் எந்தத் தபால் நிலையத்தில் போட்டது என்ற முத்திரை இருந்தது. கடைசியாகத் தொலைபேசியையும் அதன்மேல் வைத்தாள்.

"அந்த டெய்லர் அம்மாவக் கூப்பிடு" என்றாள். "அவங்களும் வரட்டும். அவங்க பொண்ணு எங்க இருக்கான்னு இதுல ஏதாவது இருக்கலாம். எதையும் விடாம நானே படிச்சுச் சொல்றேன்."

தையல்காரப் பெண், தான் புகார் கொடுத்த காவல் நிலையத்தின் வாசலுக்கு நேராக வந்துவிடுவதாகச் சொன்னாள். தாயும் மகளும் கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினார்கள். இழுத்துப் பார்த்தார்கள். மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்று அவன் இருநூற்று அறுபதாம் பக்கத்திலேயே எழுதியிருந்தான்.

தெருவில் நல்ல வெயில். பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் சும்மா நின்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் இவர்களைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். இருவரில் ஒருத்திக்கும் அவன் முகம் தெரியாது. வாலு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். பையை மார்போடு இறுக்கிக்கொண்டு, அங்கிருந்த ஒவ்வொரு முகத்தையும், அதுவாகத் திரும்பிக்கொள்ளும்வரை, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.